கான்டால் மலைக்குச் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

பிரான்சின் கான்டால் மலைப்பகுதிக்கு இந்தக் கோடையில் சைக்கிளில் போக நினைக்கிறீர்களா? வாடகைக் கடையில் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன ஜூலையில் எனக்கு 380 யூரோ போனது. உயிரும் போயிருக்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கான்டால் என்பது அணைந்துபோன ஒரு பெரிய பழைய எரிமலை. பனியாறுகள் அரித்து அரித்து, நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாலாபக்கமும் பள்ளத்தாக்குகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதனால் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் கணவாய் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். முராவில் ரயிலிலிருந்து இறங்கி, தியென் வழியாக கோல் த செர் கணவாய் (1,335 மீட்டர்) ஏறி, அங்கிருந்து பா த பேரோல் போனோம். 1,589 மீட்டர், மஸீஃப் சென்ட்ரால் என்ற நடு பிரான்ஸ் மலைத்தொகுதி முழுவதிலும் சாலை போகும் மிக உயரமான கணவாய் அதுதான். கடைசி ஏற்றம் பல இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும். மேலே புய் மரி சிகரம், பச்சைப் புல்வெளி, நீண்ட கொம்பு வைத்த சிவப்பு சலேர்ஸ் மாடுகள்... அந்த அழகைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சைக்கிள் எடுத்தது மலையடிவாரத்து ஊர் ஒன்றில், நான்கு நாளுக்கு. மலைக்கு ஏற்றபடி சர்வீஸ் செய்து வைத்திருக்கிறோம் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது சைக்கிள் தயாராகவே இல்லை, முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள், ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருக்கும்போது கொண்டுவந்து நிறுத்தி, கார்டில் 1,500 யூரோ டெபாசிட் பிளாக் செய்துவிட்டு, பிரெஞ்சில் இரண்டு பக்கத் தாளைக் கொடுத்து இங்கே இங்கே கையெழுத்து என்றார்கள். போட்டுவிட்டேன். 'சைக்கிளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், பிரேக் உட்பட' என்று அதில் இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவசரப்படுத்தியதே அதற்காகத்தான் என்று இப்போதும் உறுதியாக நம்புகிறேன்.

பா த பேரோலிலிருந்து சலேர்ஸ் ஊர்ப் பக்கம் இறங்கும் சாலை குறுகலானது, ஆரம்பத்திலேயே செங்குத்து. இரண்டாவது வளைவிலேயே பின் பிரேக் கரகரவென்று இரும்பை இரும்பு தேய்க்கும் சத்தம் போட்டது, அடுத்த வளைவில் லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. முன் பிரேக்கை மட்டும் பிடித்து (அங்கே முன் பிரேக் இடது கைப் பக்கம், நம் ஊர்ச் சைக்கிளில் பழகியவர்கள் கவனியுங்கள்) எப்படியோ புல்லில் ஏற்றி நிறுத்தினேன். எதிரே ஒரு வேன் ஏறி வந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த நண்பர் இறங்கி என் கையைப் பிடித்துப் பார்த்தார், நடுக்கம் நிற்கவே இல்லை. மிச்ச இறக்கத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தேன், பிறகு ஒரு விவசாயி தன் வண்டியில் ஏற்றி சலேர்ஸில் விட்டார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் ஒரியாக் நகரில் ஒரு மெக்கானிக், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைக் கழற்றிக் காட்டினார். தேயும் பகுதி துளியும் இல்லை, வெறும் தகடு. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கின் தடிமனை அளந்தார், 1.4 மில்லிமீட்டர். 1.5-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று அந்த டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கிறது! முன் டிஸ்க்கும் எல்லைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் இறக்கத்தில் இவ்வளவு தேயாது, பல மாதத் தேய்மானம் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் அந்தப் பில்லைப் படிக்கக்கூட இல்லை. நான் கையெழுத்திட்ட தாளை எடுத்து வைத்து, டிஸ்க் இரண்டு, பேட், டீரெயிலரில் (கியர் மாற்றும் பாகம்) கீறல் என்று 380 யூரோ பிடித்துக்கொண்டார். அவர்கள் மாற்றாமல் விட்ட பேடுக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். கீறல் முன்பே இருந்ததா என்று நிரூபிக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

எந்தக் கடையானாலும் சரி, பேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டராவது இருக்கட்டும், டிஸ்க், டீரெயிலர், ரிம் எல்லாவற்றையும் கடைக்குள்ளேயே வீடியோ எடுங்கள், ரயில் போனால் போகட்டும். மறுத்தால் டெபாசிட் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: பிரான்சில் வாடிக்கையாளரோடு வியாபாரம் செய்யும் எந்த நிறுவனமும் தகராறைப் பேசித் தீர்க்கும் ஒரு நுகர்வோர் சமரசரைக் குறிப்பிட்டிருக்க வேண்டும், அவரிடம் முறையிடுவது இலவசம். ஆனால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்க வேண்டும். சிக்னல்கோன்சோ என்ற அரசுத் தளத்திலும் பதிவு செய்யலாம். நான் இரண்டையும் செய்துவிட்டேன், மெக்கானிக்கின் பில்லையும் பழைய மின்னஞ்சலையும் இணைத்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை ஒரு வரி பதில் வரவில்லை.