இலை ஷெட்டில் நோட்.ஜேஎஸ்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

நோட்.ஜேஎஸ்ஸில் வெப் சர்வர் எழுதிப் பழகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: தாராளமாகப் பழகலாம், ஆனால் எக்ஸ்பிரஸை (நோட்டில் சர்வர் எழுதுவதைச் சுருக்கித் தரும் பிரபல பேக்கேஜ்) தொடாமல் தொடங்குங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன இலை ஷெட்டில் நான் எழுதிக் கொடுத்த சர்வர் நோட் வெர்ஷன் 14 காலத்தில் ஏறியது, இப்போது 22-இல் ஓடுகிறது. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் கணக்கை வைத்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை: பெயர், தேதி, கிலோ, மழை நாளில் ஈரத்துக்குக் கழித்தது. ஒரு ராஸ்ப்பெரி பை (கையடக்கமான சின்னக் கம்ப்யூட்டர்), ஒரு ரௌட்டர். எடை போடுகிறவர் போனில் 192.168.1.20:3000 என்று அடித்தால் பக்கம் வந்துவிடும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து இன்டர்நெட் லைன் போனாலும் கவலையில்லை, கணக்கு ஷெட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நோட் என்பது பிரவுசருக்குள் இருந்த ஜாவாஸ்கிரிப்டை வெளியே எடுத்து ஓடவிடும் இயக்கி. 2009-இல் ரயன் டால் எழுதியது. உள்ளே இருப்பது குரோமின் வி8 எஞ்சின். பிஎச்பி பழகியவர்களுக்கு முதலில் கொஞ்சம் தடுமாறும். அங்கே அப்பாச்சி போன்ற ஒரு சர்வர் ஏற்கெனவே நிற்கும், நம் ஃபைல் அதற்குள் ஓடும். இங்கே நாம் எழுதுவதே சர்வர். எச்டிடிபி மாட்யூலை அழைத்து, கிரியேட்சர்வருக்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்து, கடைசியில் லிசன் 3000 (3000 என்பது போர்ட், சர்வர் காத்திருக்கும் கதவின் எண்) என்று சொன்னால் முடிந்தது, ஐந்தாறு வரி. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அந்த ஃபங்ஷன்தான் ஓடும். கேட்டது என்ன என்பது ரெக்வஸ்டில் இருக்கும், பதிலை ரெஸ்பான்ஸில் எழுத வேண்டும்.

அந்த ஐந்து வரியோடு ஒரு சாயங்காலம் விளையாடுவது நல்லது. ஃபங்ஷனின் முதல் வரியில் யூஆர்எல்லை கன்சோலில் அச்சிடச் சொல்லுங்கள். ஒரு தடவை பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு வரி விழும். இரண்டாவது நீங்கள் கேட்காதது: டேப்பில் காட்டும் சின்னப் படத்துக்காக பிரவுசர் தானாக ஃபேவ்ஐகான் கேட்கிறது. பிறகு ரெஸ்பான்ஸின் எண்ட் வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிரவுசர் சுற்றிக்கொண்டே நிற்கும், எரர் எதுவும் வராது. பதில் முடிந்தது என்று நாம் சொல்லாதவரை அது காத்திருக்கும். எக்ஸ்பிரஸோடு தொடங்கினால் இதெல்லாம் திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்புறம் சிக்கல் வரும்போது எங்கே தேடுவதென்றே தெரியாது.

தமிழில் பக்கம் காட்டுகிறவர்களுக்குக் கூடுதலாக மூன்று இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இது பெரும்பாலும் வராது, அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதலாவது, கண்டென்ட் டைப் ஹெடரில் (பதிலோடு போகும் குறிப்பு வரி) யுடிஎஃப்-8 என்று கேரக்டர் செட்டையும், அதாவது எழுத்துகளை பைட்டாக மாற்றும் முறையையும் சேர்த்துச் சொல்வது. சொல்லாவிட்டால் பிரவுசர் தானாக ஊகிக்கும். ஊகம் தப்பினால் விவசாயி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல் வரும்.

இரண்டாவது கொஞ்சம் வேடிக்கையானது. 'தேயிலை' கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்தை (நீளம்) கேட்டால் 6 என்கிறது, கொம்பையும் சுழியையும் தனித்தனியாக எண்ணுவதால். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக கம்பியில் போவது 18 பைட். இப்போது கண்டென்ட் லெங்த் ஹெடரில் அந்த 6-ஐப் போட்டு அனுப்பினால், பிரவுசர் 6 பைட்டோடு நிறுத்திக்கொண்டு 'தே' என்று மட்டும் காட்டும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான் என்பதால் அங்கே கணக்கு தானாக ஒத்துப்போகிறது. ஒன்று பைட்களை எண்ணிச் சொல்லும் பஃபரின் பைட்லெங்த்தைப் பயன்படுத்துங்கள், இல்லை அந்த ஹெடரையே எழுதாதீர்கள். எழுதாவிட்டால் நோட் தானே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஃபார்மிலிருந்து வரும் விவரம். அது துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டையும் ஸ்ட்ரிங்கோடு கூட்டல் குறி போட்டு ஒட்டினால், ஒரு தமிழ் எழுத்தின் 3 பைட் இரண்டு துண்டுக்கு நடுவில் பிளந்து, அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். சின்ன ஃபார்மில் இது தெரியாது, முழு மாதப் பட்டியலை மொத்தமாக ஏற்றும்போதுதான் தெரியும். முதலிலேயே செட்என்கோடிங் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டுவிட்டால் சரி.

வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஷெட்டுக்கு இது ஏராளம். ஒரே த்ரெட்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான், ஆனால் டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும் நேரத்தில் அது அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறது. சிங்க் என்று முடியும் ஃபங்ஷன்களைக் கொண்டு பெரிய ஃபைலைப் படித்தாலோ, ஒரு நீளமான லூப்பில் மாதக் கணக்கைக் கூட்டினாலோ மட்டும், அது முடியும்வரை எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

என்னை அதிகம் வேலை வாங்கியது கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கணக்கை வைத்திருக்கும் ஜேசன் ஃபைல் பாதியில் நின்றுவிடும், அடுத்த முறை திறக்காது. அதனால் வேறு பெயரில் முழுதும் எழுதி, டிஸ்க்கில் இறங்கிவிட்டதை எஃப்சிங்க்கால் உறுதி செய்துகொண்டு, பிறகு ரீநேம் செய்யுங்கள்; பழையதாவது புதியதாவது முழுசாக இருக்கும். நோட் 22.5 முதல் எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் இயங்கும் சின்ன டேட்டாபேஸ்) உள்ளேயே வந்துவிட்டதால், இன்று தொடங்குகிறவர் நேராக அதற்கே போகலாம். இன்னொன்று: எங்காவது பிடிக்கப்படாத எரர் ஒன்று கிளம்பினால் சர்வர் முழுதும் விழும். விழுந்தாலும், கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்துகொள்ள, லினக்ஸில் புரோகிராம்களைக் கிளப்பிக் கவனிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸ் எழுதி, ரீஸ்டார்ட் ஆல்வேஸ் போட்டு, பூட் ஆகும்போதே தொடங்கும்படி எனேபிள் செய்து வையுங்கள். மலையில் இது கட்டாயம்.

வெர்ஷன் மாற்றும்போது பெரிய தொல்லை இல்லை, ஒன்றைத் தவிர. யாரும் கையாளாமல் விட்ட பிராமிஸ் (பின்னால் வரப்போகும் பதிலுக்கான ஜாவாஸ்கிரிப்ட் ஏற்பாடு) தோல்விக்கு நோட் 14 எச்சரிக்கை மட்டும் தரும். 15 முதல் புராசஸையே நிறுத்திவிடும். 14-இல் ஓடிய பழைய கோடு எதையாவது தூக்கி வருகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். இதுவரை நீண்ட நாள் ஆதரவு கிடைத்தது 18, 20, 22 போன்ற இரட்டைப்படை வெர்ஷன்களுக்குத்தான் (18-இன் ஆதரவு 2025-இல் முடிந்துவிட்டது), ஒற்றைப்படையை ஷெட்டில் ஏற்ற வேண்டாம். முன்பு கோடு மாற்றும்போதெல்லாம் சர்வரைத் திரும்பக் கிளப்ப நோட்மான் என்ற தனிக் கருவி வேண்டியிருந்தது. இப்போது நோட்டிலேயே வாட்ச் இருக்கிறது. வேறு சர்வரிலிருந்து தகவல் வாங்கும் ஃபெட்சும், கோடைச் சோதிக்கும் டெஸ்டும்கூட உள்ளே வந்துவிட்டன.

பேக்கேஜ் (பிறர் எழுதி வைத்த கோடு) விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர், பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க எத்தனையோ புராஜெக்ட்களின் பில்ட் நின்றது. பேக்கேஜ்கள் வந்து இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை வடிவமைத்த விதத்துக்கு 2018-இல் ரயன் டால் தாமே மேடையேறி வருந்தினார். எக்ஸ்பிரஸ் கெட்டது என்று சொல்லவில்லை. சர்வர் பதில் சொல்லும் முகவரிகள் பத்தைத் தாண்டி, இஃப் எல்ஸ் வரிசை கண்ணை உறுத்தத் தொடங்கியதும் நானே அதற்கு மாறினேன், கீழே நடப்பது தெரிந்ததால் மாறுவது சுலபமாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை: லிசனில் எண் மட்டும் கொடுத்தால், அந்த வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் சர்வர் திறந்துதான் இருக்கும். உங்கள் மெஷினுக்கு மட்டும் போதுமென்றால் 127.0.0.1 என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். லாகினும் எச்டிடிபிஎஸ்ஸும் இல்லாமல் அது வேண்டாத வேலை.

ஷெட்டில் எடை போடும் அண்ணன், "அந்த 3000 இல்லாம வராதா தம்பி?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வரும். போர்ட் 80-க்கு மாற்றினால் போதும், ஆனால் லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை சாதாரண யூசர் எடுக்க முடியாது. அதற்காக சர்வரையே ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) ஓட்டாதீர்கள், முன்னால் ஒரு இன்ஜின்எக்ஸை (இன்னொரு வெப் சர்வர்) நிறுத்தி 80-இல் வருவதை 3000-க்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். அவர் போனில் இப்போதைக்கு ஒரு புக்மார்க் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.