உப்பு நழுவும் சிறுநீரகம்: பார்ட்டரா, கிட்டல்மேனா?

காரைக்குடி வீட்டில் மோர் மிளகாய்ச் சம்படத்தை என் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பார்கள் எங்கள் ஆயா. உப்பு என்றால் எனக்கு அப்படியொரு வெறி. இருபத்தெட்டு வயதில் ஒருநாள் முற்றத்தில் உட்கார்ந்தவன் எழ முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 2.6 மில்லிமோல், குறைந்தது 3.5 வேண்டும். வாந்தி, பேதி, நீர் மாத்திரை எதுவும் இல்லை. ரத்த அழுத்தமும் தணிந்தே இருந்தது. மிஞ்சியவை இரண்டு பரம்பரைச் சிறுநீரக நோய்களின் பெயர்கள்: 1962இல் விவரிக்கப்பட்ட பார்ட்டர், 1966இல் விவரிக்கப்பட்ட கிட்டல்மேன்.

இரண்டிலும் உப்பு சிறுநீரில் போகிறது, அதன் பின்னாலேயே பொட்டாசியமும். கசியும் இடம்தான் வேறு. பார்ட்டரில் ஹென்லே வளைவு என்ற சிறுநீரக நுண்குழல் வளைவின் ஏறுபகுதி, அதாவது ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரை வேலை செய்யும் இடம். கிட்டல்மேனில் அதற்கடுத்த குழல், தையசைடு என்ற இன்னொரு வகை நீர் மாத்திரையின் இடம்.

பார்ட்டரின் இரண்டாம் வகைதான் எனக்கு வியப்பு. ஏறுபகுதியில் உப்பிலுள்ள சோடியத்தோடு செல்லுக்குள் வரும் பொட்டாசியம், ரோம்கே என்ற வாய்க்கால் வழியாகக் குழலுக்கே திரும்ப வேண்டும். கிணற்று வாளி மாதிரி: மேலே வந்தது திரும்ப இறங்கினால்தான் அடுத்த இறைப்பு. வாய்க்கால் பழுதானால் உப்பு இறைப்பே நின்றுவிடும். பொட்டாசியத்தை வெளியேற்றும் கடைசிக் குழலிலும் இதே ரோம்கே இருப்பதால், பிறந்த சில நாட்களுக்கு இந்தக் குழந்தைகளுக்குப் பொட்டாசியம் கூடி, பிறகுதான் இறங்கும். முதல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

வயதும் துப்புக் கொடுக்கும். இந்த வகை பார்ட்டர் கருவிலேயே பனிக்குட நீரைப் பெருக்கும், பிரசவம் முந்தும். கிட்டல்மேன் பெரும்பாலும் விடலைப் பருவத்திலோ அதற்குப் பிறகோ தலைகாட்டும். ஆனால் மூன்றாம் வகை பார்ட்டர் கிட்டல்மேன் வேஷம் போடும். அங்கே மரபணுச் சோதனைதான் தீர்ப்பு. மற்றபடி என் ஓட்டு சிறுநீர்க் கால்சியத்துக்கு: பார்ட்டரில் பொதுவாகக் கூடும், சிறுநீரகத்தில் சுண்ணாம்பும் படியலாம். கிட்டல்மேனில் குறையும், ரத்த மக்னீசியமும் கூடவே இறங்கும். எனக்கு இரண்டும் குறைவு. கிட்டல்மேன்தான்.

கிட்டல்மேனும் பார்ட்டரின் பெரும்பாலான வகைகளும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுப் பிரதி வந்தால்தான் வரும். என் அப்பா அம்மாவுக்கு அத்தை மகன்.

மருந்தில் பார்ட்டர் குழந்தைகளுக்கு இண்டோமெத்தசின் என்ற வலி நிவாரணி பெரிய துணை. எனக்குப் பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியமும், கூடவே தாராளமாக உப்பு. மக்னீசியத்தை ஒரே வேளையில் விழுங்கினால் வயிறு போகும், அதில் பொட்டாசியம் இன்னும் இறங்கும். அதனால் நாளுக்கு நான்கு தடவையாகப் பிரித்துத்தான் எடுக்கிறேன்.