கயாக் அறையில் கசிவு: எந்த சீலண்ட் ஒட்டும், எது உரிந்து வரும்

பிளாஸ்டிக் கயாக்கின் சரக்கு அறையில் கசிவு என்றதும் பலரும் எடுப்பது, குளியலறைக்கு வாங்கி மீந்த சிலிக்கான் டியூப். பூசிய அன்று நன்றாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் முழு நீளமும் நூடுல்ஸ் போலக் கையோடு வந்துவிடும். குறை சிலிக்கானில் மட்டும் இல்லை. அச்சில் சுழற்றி வார்க்கும் கயாக்குகளின் உடல் பாலிஎத்திலீன். மெழுகு தடவினாற்போல் எதையும் பிடிக்கவிடாத பிளாஸ்டிக் அது. சீலண்ட் அடைத்து வரும் குழாய்களும் பெரும்பாலும் பாலிஎத்திலீன்தான். மூக்கில் காய்ந்துபோன கட்டியை ஆணியால் நெம்பினால் அப்படியே கழன்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். படகிலும் அதேதான் நடக்கிறது.

ஆகவே "எது வலுவான சீலண்ட்" என்று கேட்பதில் பயனில்லை. எதை எதோடு ஒட்டப் போகிறோம் என்பதுதான் கேள்வி. லெக்செல், 3எம் 4200, 5200, சிகாஃப்ளெக்ஸ் 291, மரைன் கூப், ஜி/ஃப்ளெக்ஸ் 655, சாதாரண சிலிக்கான் ஆகியவற்றை அந்தக் கணக்கில்தான் இங்கே எடைபோடுகிறோம்.

டியூப்பை வாங்குமுன் தண்ணீர் வருகிற வழி தெரிந்தாக வேண்டும். அறையில் தண்ணீர் கிடந்தால் அறையைப் பிரிக்கும் பல்க்ஹெட் எனப்படும் தடுப்பில்தான் ஓட்டை என்று கட்டாயமில்லை. ஹேட்ச் எனப்படும் அறைத் திறப்பின் மூடியில் உள்ள ரப்பர் வெயிலில் வெடித்திருக்கலாம். மூடி உட்காரும் விளிம்பு மேல்தளத்திலிருந்து விட்டிருக்கலாம். ஸ்கெக் (அடியில் இறக்கும் சிறு துடுப்புத் தகடு) பெட்டி, சுக்கான் கம்பி நுழையும் துளை, கயிறு மாட்டும் போல்ட் எல்லாமே கசியக்கூடியவை. படகைப் புல்தரையில் வைத்து அறைக்குள் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்து, தடுப்பின் மறுபக்கத்தில் செய்தித்தாளை அழுத்திப் பிடியுங்கள். நனைகிற இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். தாள் காய்ந்தே இருந்தால் மூடியை இறுக்கிப் படகைக் கவிழ்த்துப் பாருங்கள். மூடியோ போல்ட்டோ காட்டிக்கொடுத்துவிடும். அறை நிறைய மட்டும் ஊற்ற வேண்டாம். 70 லிட்டர் அறை என்றால் 70 கிலோ எடை. நல்ல தடுப்பையும் அது பெயர்த்துவிடும்.

அடைக்கவே கூடாத ஓட்டை ஒன்றும் உண்டு. பல படகுகளில், முக்கியமாக ஃபைபர் படகுகளில், தடுப்பின் மேல்பகுதியில் ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. அளவில் குண்டூசித் துளை ஒன்றை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். கார் கூரையில் 50 டிகிரிக்குச் சூடான படகை 25 டிகிரி தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 8 சதவீதம் சுருங்கும். காற்று வர வழி இல்லாவிட்டால் மூடியின் ஓரத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும். வெயிலில் அதற்கு நேர்மாறு: மூடி உப்பிக் கழன்றுகொள்ளும். அந்தத் துளை வழியாக வருவது சொட்டுக் கணக்குதான், விட்டுவிடுங்கள்.

இனி சீலண்டுக்கு வருவோம். பாலிஎத்திலீன் உடலில் மினிசெல் ஃபோம் (தண்ணீர் உறிஞ்சாத மூடிய நுரை) தடுப்பு வைத்த படகு என்றால் எங்கள் தேர்வு லெக்செல். சாஷ்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு. செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்துச் செய்தது. பாலிஎத்திலீனை இதுவும் என்றென்றைக்கும் பற்றிக்கொள்ளாது. ஆனால் மற்றவற்றைவிட நன்றாகப் பற்றும். அதைவிட முக்கியம், காய்ந்த பிறகும் ரப்பர் பேண்ட் போல இழுபடும். அந்த இழுவை ஏன் வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். பாலிஎத்திலீன் சூட்டில் தாராளமாக விரியும் பிளாஸ்டிக். 55 செ.மீ. அகலப் படகு, 30 டிகிரி வித்தியாசத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அகலும், பிறகு சுருங்கும். ஒவ்வொரு நாளும் இது நடக்கிறது. கெட்டிப்படும் எந்தப் பசையும் இந்த ஆட்டத்தில் ஓரத்திலிருந்து விட ஆரம்பிக்கும். ஹார்டுவேர் கடையில் சட்டென்று கிடைக்கும் எம்-சீல் போன்ற எபாக்சி புட்டிகள் இங்கே உதவாததும் இதனால்தான். புட்டி கல் மாதிரி நிற்கும், பிளாஸ்டிக் வளையும், இரண்டும் பிரியும்.

லெக்செல்லுக்கு நான்கு குறைகள் உண்டு. கரைப்பான் ஆவியாகித்தான் காய்கிறது என்பதால் சுருங்கும். தடிமனாகப் பூசினால் முழுதாகக் காய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். நாற்றம் கடுமை. வெள்ளைத் தெர்மோகோலைக் கரைத்துவிடும். காக்பிட்டுக்கு (உட்காரும் இடம்) முன்னே தெர்மோகோல் தூண் வைத்த படகுகள் இருக்கின்றன. அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். கறுப்பு அல்லது சாம்பல் நிற மினிசெல் ஃபோமுக்கு ஆபத்தில்லை. கண்ணாடி போலத் தெளிவாக இருப்பது பெரிய வசதி: உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ் வெளியே தெரியும், அங்கேயே அழுத்தி வெளியேற்றலாம்.

மரைன் கூப்பும் கரைப்பான் வகைதான். சிறு இடங்களுக்கு, கழன்ற ஃபோம் பட்டைகளுக்கு நல்லது. சுற்றளவு முழுக்கப் பூச லெக்செல்தான் கைக்கு வாகு.

3எம் 4200, 5200, சிகாஃப்ளெக்ஸ் 291 மூன்றும் பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தை இழுத்துக் காய்பவை. பாய்மரப் படகுக்காரர்கள் கொண்டாடும் சரக்கு, அதில் மிகை ஏதும் இல்லை. ஆனால் பாலிஎத்திலீனில் பூசினால் சிலிக்கானுக்கு நேரும் கதிதான், கொஞ்சம் தாமதமாக. ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு இவைதான் சரி. ஹேட்ச் விளிம்பு, ஸ்கெக் பெட்டி, தளத்து போல்ட் போன்ற, பின்னாளில் கழற்ற வேண்டிய இடங்களுக்கு 4200 அல்லது 291 போதும். 4200 ஃபாஸ்ட் க்யூர் வாங்கினால் 24 மணி நேரத்தில் காய்ந்துவிடும். 5200-க்கு 5 முதல் 7 நாள் ஆகும். 5200-ஐக் கழற்ற முயன்றால் ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்து பெயரும். கயாக்கில் அவ்வளவு பிடி தேவைப்படும் இடம் அநேகமாக எதுவும் இல்லை. ஃபைபர் தடுப்பே உடலிலிருந்து வெடித்து விட்டிருந்தால் சீலண்டைத் தேடாதீர்கள். எபாக்சியும் 50 மி.மீ. கண்ணாடி நாரிழை டேப்பும் கொண்டு மூலையை மறுபடி கட்டுவதுதான் வேலை.

ஜி/ஃப்ளெக்ஸ் 655 தனி வகை: சரிபாதியாகக் கலக்கும், சற்றே வளையும் எபாக்சி. பாலிஎத்திலீனிலும் பிடிக்கும், நெருப்புக் காட்டினால். எரிவாயு டார்ச்சின் நீலச் சுடர் நுனி பிளாஸ்டிக்கைத் தொட்டும் தொடாமலும் வினாடிக்கு ஓர் அடிக்குமேல் வேகமாக ஓட வேண்டும். சரியாகச் செய்த இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவி நிற்கும். கடினமான பிளாஸ்டிக் தடுப்பு கசியும் படகுக்கும், உடலில் விழுந்த கீறலுக்கும் இது ஏற்றது. ஃபோம் தடுப்புக்கு வேண்டாம்: ஃபோம் கருகும். லெக்செல் பூசிய படகுக்குள் டார்ச்சைக் கொண்டுபோகவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும்.

சிலிக்கானைப் பற்றி இன்னொன்று. அது உரிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று தங்கும். அதன் மேல் லெக்செல்லும் ஒட்டாது, பாலியூரித்தேனும் ஒட்டாது. ஏற்கெனவே யாரோ சிலிக்கான் பூசிய பழைய படகை வாங்கியிருந்தால், உங்கள் நேரத்தில் பாதி அதைச் சுரண்டுவதில்தான் போகும்.

வேலையில் தோற்பது பெரும்பாலும் சுத்தம் செய்யும் கட்டத்தில்தான். பழைய சீலண்டில் ஆடுகிற பகுதி முழுவதையும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். உறுதியாகப் பிடித்திருப்பது லெக்செல் என்று தெரிந்தால் அதை விட்டுவைக்கலாம். புதியது அதன்மேல் நன்றாகச் சேரும். உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். 80 நம்பர் உப்புத்தாளால் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்கு ஒட்டாமல் வரும்வரை துடையுங்கள். பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது. சன்ஸ்கிரீன் பட்ட கை கண்டிப்பாகக் கூடாது.

ஒரு தடுப்பின் சுற்றளவு சுமார் 140 செ.மீ. 10 மி.மீ. மூலைப்பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு 70 மில்லி. இரண்டு தடுப்பு, இரு பக்கமும் என்றால் 280 மில்லி; சிலிக்கான் கன்னில் போடும் 310 மில்லி குழாய் ஒன்று போதும். ஒரு பக்கம் மட்டும் பூசிச் சிக்கனம் பிடிக்காதீர்கள். அறைப் பக்கம் விட்டாலும் காக்பிட் பக்கம் தாங்கும். முதல் சுற்று 5 மி.மீ.; பூசும்போது மூக்கை இடுக்குக்குள் தள்ளியபடி முன்னோக்கி நகர்த்துங்கள். இழுத்துக்கொண்டே வந்தால் அடியில் காற்று தங்கும். ஓரிரு நாள் கழித்து, சுருங்கி இறங்கிய பிறகு இரண்டாவது சுற்று. கரண்டியின் பின்புறத்தை மினரல் ஸ்பிரிட்டில் தொட்டு வழித்தால் ஓரம் மெல்லியதாகப் படியும். சோப்புத் தண்ணீர் வேண்டாம். இரண்டாம் சுற்று ஒட்டாது.

தலையை ஹேட்சுக்குள் நுழைத்து வேலை செய்வதால் கரைப்பான் ஆவிக்கான கார்பன் வடிகட்டி முகமூடி அவசியம். துணி முகமூடி எதையும் தடுக்காது. எல்லா மூடிகளையும் திறந்து வைத்து, நிழலில், சிறு மின்விசிறியைத் தள்ளி வைத்துக் காயவிடுங்கள். தடுப்பின்மேல் படகு அழுந்தாதபடி ஸ்டாண்டின் தாங்கிகளை அங்கிருந்து விலக்கி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே 5 லிட்டர் தண்ணீரை ஊற்றி, அதே மார்க்கர் குறிகளுக்கு நேராகத் தாளைப் பிடித்துப் பாருங்கள்.