டைகரின் என்சைம் பொடி: இரண்டு வருடம் ஆன பிறகு

பக்கத்துத் தெரு நண்பர் தன் லாப்ரடாருக்கு வாயுத் தொல்லை, என்சைம் பொடி வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கணையம் நன்றாக இருக்கிற நாய்க்கு லிபேஸ், புரோட்டியேஸ், அமைலேஸ் என்ற செரிமான என்சைம்கள் எல்லாம் தானாகவே சுரக்கும்.

எங்கள் டைகருக்குச் சுரக்கவில்லை. ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு அதிகம் வருகிற கோளாறு. தட்டு தட்டாகத் தின்றும் 32 கிலோவிலிருந்து 23-க்கு இறங்கினான். போவதோ வெளிறிப்போய், எண்ணெய் மினுக்கோடு, நாளைக்கு ஆறு தடவை. பூச்சி மாத்திரையிலேயே நான்கு மாதம் ஓடியது. அப்புறம் வேறொரு டாக்டர் ராத்திரி பட்டினி போட்டு, காலையில் டிஎல்ஐ என்ற, கணையம் சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் இந்தப் பன்றிக் கணையப் பொடி, கூடவே பி12 ஊசி.

பொடி வேலை செய்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆறிய சோற்றிலும் கோழியிலும் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைத்தால், இருபது நிமிடத்தில் கூழாக நெகிழ்ந்துவிடும். ஒரு வாரத்தில் கட்டியாகப் போனான். அதைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன், அவள் ஆபீஸில் இருக்கும்போது. இப்போது 30 கிலோ.

நடுவில் ஒருமுறை மூன்று நாள் பழையபடி ஆனது. விசாரித்தால், "வாயில்லா ஜீவனுக்கு ஆறினதையாடா போடுவே?" என்று அம்மா கொதிக்கிற சூப்பை மேலே ஊற்றியிருக்கிறார். அந்தச் சூட்டில் என்சைம் எங்கே பிழைக்கும்! இன்னொரு தடவை நான் அவசரத்தில் சரியாக நனைக்காமல் வைத்து, காய்ந்த பொடி பட்டு அவன் ஈறில் ரத்தம் வந்தது. அது என் தப்பு.

ஆனால் அந்த மூடி! திறக்கும்போதெல்லாம் பொக்கென்று தூசி கிளம்பி நேராக மூக்கில் ஏறுகிறது. கருவாட்டுக்கும் காய்ந்த ஈரலுக்கும் நடுவில் ஒரு வாடை. பொடியை முகரக் கூடாது என்று அதே டப்பாவில் அச்சடித்திருக்கிறார்கள். எப்படி முகராமல் திறப்பதாம்? மழைக்காலத்தில் மரையில் பொடி இறுகி, கட்டிங் பிளேயர் போட்டுத் திருக வேண்டும். நான் தும்மினாலே சாப்பாட்டு நேரம் என்று டைகர் தட்டைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கிறான். ஜலதோஷம் பிடித்த வாரத்தில் அவனைச் சமாளிக்க முடியவில்லை. போன மாதம் விலையையும் ஏற்றினார்கள், மூடி அதே மூடி.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார். டைகரைக் கேட்டால் ஐந்தும் கொடுப்பான், அவனா டப்பாவைத் திறக்கிறான்?