சென்னை – மதுரை: வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை மணி நேரம்?

மதுரைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், காரில் எட்டு மணி நேரம் என்று எல்லோரும் சொல்கிறோம். வான்வழியில் சுமார் 415 கிலோமீட்டர், சாலையில் சுமார் 460. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரத்தில்தான் இவ்வளவு இடைவெளி என்று தோன்றும். ஆனால் நாம் விமான நிலையத்தில் குடியிருக்கவில்லையே!

என் வீடு அம்பத்தூரில், சொந்த ஊர் மேலூர். மீனம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம். பெட்டி போடும் கவுண்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் உள்ளே ஒன்றரை மணி நேரம். பறப்பது ஒன்றேகால். இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. இதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சிக்கலே. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. மேலூரோ வடக்கே, திருச்சி சாலையில். அதாவது எங்கள் ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, ரிங் ரோடு பிடித்து ஒரு மணி நேரம் திரும்பி வர வேண்டும். மொத்தம் ஐந்தேகால் மணி நேரம்.

காரில் வெளிவட்டச் சாலை வழியாக வண்டலூர் வந்துவிட்டால் நகர நெரிசல் முடிந்தது. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, துவரங்குறிச்சி, அப்புறம் மேலூர். சாப்பாட்டுக்கு நிறுத்தியும் ஏழரை மணி நேரம். விமானத்தால் மிச்சமாவது இரண்டேகால் மணி நேரம்தான். நான்கு பேருக்கு டிக்கெட் போட்டுப் பார்த்தால் அந்த இரண்டேகால் மணி நேரத்துக்கு என்ன விலை என்று தெரியும்.

இதுவே வேளச்சேரியில் இருக்கும் அருப்புக்கோட்டைக்காரருக்கு அப்படியே மாறிவிடும். இங்கே மீனம்பாக்கம் பக்கம், அங்கேயும் விமான நிலையம் அவர் ஊர்ச் சாலையிலேயே. நாலரை மணி நேரத்தில் வீட்டில் இருப்பார். சாலையில் ஒன்பது மணி நேரம் ஆகும். அவர் விமானத்தில் போவதே சரி.

அவசரம் என்றால் விமானம் என்று நினைத்திருந்தேன். பெரியப்பா தவறிவிட்டார் என்று தம்பி போன் செய்தபோது இரவு பதினொன்றரை. அந்நேரத்துக்கு மேல் விமானம் இல்லை. காலை முதல் விமானத்தைப் பிடித்தாலும் மேலூர் சேர ஒன்பது ஆகிவிடும். பன்னிரண்டரைக்குக் காரை எடுத்தோம். பெரம்பலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, யாரும் பேசாமல் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஏழரைக்கெல்லாம் அவர் காலடியில் இருந்தேன்.

பண்டிகைக் காலத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பரனூர் டோல்கேட்டில் வண்டிகள் நகராமல் நிற்கும் நாளில் ஏழரை மணி நேரம் பதினொன்றாகும். தனி ஆளாகப் போனால் கிளாம்பாக்கத்தில் இரவுப் பேருந்து ஏறிவிடலாம். தூங்கும் நேரத்திலேயே பயணம் முடிந்துவிடும்.

அம்மாவுக்கு மூட்டு வலி, காலை மடக்கி ஏழு மணி நேரம் உட்கார முடியாது. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுவேன். மதுரை விமான நிலைய வாசலில் தம்பி நிற்பான். அம்மாவுக்கு விமானம்தான்.