பழைய டெஸ்க்டாப்புக்கு வேக யூஎஸ்பி: 5 ஜிபிபிஎஸ் கார்டா, 10 ஜிபிபிஎஸ் கார்டா?

என் டெஸ்க்டாப் யூஎஸ்பி 2.0 காலத்து ஆள். பிராசஸர் இன்னும் தெம்பாக இருக்கிறது. எஸ்எஸ்டி போட்ட பிறகு அன்றாட வேலைக்கும் குறையில்லை. தலைவலி எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கும்போதுதான். யூஎஸ்பி 2.0-இன் ஏட்டு வேகம் 480 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 480 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 60 எம்பி (மெகாபைட்). நடைமுறையில் கிடைப்பதோ நொடிக்கு 30, 35 எம்பி. 50 ஜிபி நகலெடுக்க ஏறக்குறைய அரை மணி நேரம். அதே டிஸ்க்கை 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்) வேகமுள்ள யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகினால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் ஓடி, எட்டு நிமிடத்தில் முடித்துவிடும்.

ஹப் வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. 2.0 போர்ட்டில் செருகிய 3.0 ஹப் 2.0 வேகத்தில்தான் ஓடும், அந்த 480-ஐயும் செருகியவை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். மதர்போர்டை மாற்றலாம் என்றால் பிராசஸர், ரேம் என்று எல்லாமே மாறும். அது வேறு கம்ப்யூட்டர். மதர்போர்டில் கூடுதல் கார்டு செருகும் பழைய பிசிஐ ஸ்லாட்டின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 133 எம்பி, அதனால் அதுவும் கணக்கில் இல்லை. மிஞ்சுவது அதற்கு அடுத்த தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் கார்டு. அதில்தான் உண்மையான போட்டி: ஒரே லேன் (தரவு ஓடும் பாதை) உள்ள சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டில் உட்காரும் 5 ஜிபிபிஎஸ் கார்டா, பெரும்பாலும் நாலு லேன் கொண்ட எக்ஸ்4 அளவில் வரும் 10 ஜிபிபிஎஸ் கார்டா? நான் போட்டது முதல் வகை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

10 ஜிபிபிஎஸ் கார்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பழைய போர்டு அதற்கு ஈடுகொடுக்காது, அவ்வளவுதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-வில் ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பிதான் உச்சம். 10 ஜிபிபிஎஸ்ஸை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு லேன் பத்தாது, நீளமான ஸ்லாட் ஒன்று காலியாக இருக்க வேண்டும். பல பழைய போர்டுகளில் நீள ஸ்லாட் ஒன்றே ஒன்று. அதில் கிராபிக்ஸ் கார்டு குடியிருக்கும். சரி, இடம் இருக்கிறது என்றே வையுங்கள். செருகப்போவது என்ன? 2.5 அங்குல வெளி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பியைத் தாண்டுவதே அபூர்வம். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டிக்கு 5 ஜிபிபிஎஸ்ஸே ஏறக்குறைய போதும். சாட்டாவைவிட வேகமான என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி போட்ட வெளிப் பெட்டிதான் 10-ஐப் பயன்படுத்திக்கொள்ளும். அப்போதும் மறுமுனையில், கம்ப்யூட்டருக்குள் இருப்பது சாட்டா எஸ்எஸ்டி என்றால் நொடிக்கு 550 எம்பியில் அது கையை விரித்துவிடும். நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் இந்த வகைக் கார்டைக் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி. மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் வேறு மாதிரி சொன்னால் மறுக்க மாட்டேன்.

வேகத்தை விடுங்கள். கார்டு வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது மின்சாரத்தை. யூஎஸ்பிக்கு வேண்டியது 5 வோல்ட். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலோ 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான் வருகின்றன, 5 கிடையாது. அதனால் கார்டு தயாரிப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 12-ஐ கார்டின் மேலேயே ஒரு சின்ன ரெகுலேட்டர் வைத்து 5-ஆக இறக்குவது. மற்றொன்று, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வரும் சாட்டா அல்லது மோலெக்ஸ் (பழைய நாலு முனை) மின் கேபிளைக் கார்டில் செருகி 5-ஐ நேராக எடுப்பது. கேபிள் இல்லாத கார்டுதான் பார்க்க அழகு: செருகினோமா, திருகினோமா, முடிந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.0 போர்ட் ஒன்றுக்கு 900 மில்லி ஆம்பியர். நாலு போர்ட்டுக்கு 3.6 ஆம்பியர், அதாவது 18 வாட். எக்ஸ்1 கார்டுக்கு ஸ்லாட்டிலிருந்து தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்டதே 10 வாட்.

பென் டிரைவ் மட்டும் செருகுபவருக்கு இது தெரியவே தெரியாது. தனி அடாப்டர் இல்லாத 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இரண்டைச் சேர்த்துச் செருகினால் விஷயம் வெளியே வரும். தட்டு சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் டிஸ்க் அதிகமாக இழுக்கும். டிக், டிக் என்று சத்தம், டிரைவ் திரையில் தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி ஆனால் ஃபைல் சிஸ்டமே கெட்டுப்போகலாம். இதைப் பார்த்துவிட்டு டிரைவரையும் கேபிளையும் சந்தேகப்படுபவர்கள்தான் அதிகம்.

என் கார்டில் பின்மூலையில் சாட்டா பவருக்கான எல் வடிவ சாக்கெட் இருக்கிறது. எக்ஸ்1 ஸ்லாட் போர்டின் அடிப்பக்கம், சாட்டா பவர் கேபிளோ மேலே டிவிடி டிரைவோடு நின்றுவிட்டது. யாரும் தொடாத டிவிடி டிரைவைக் கழற்றி, அந்த முனையைக் கீழே இழுத்துச் செருகினேன். வாங்குமுன் கேபிள் எட்டுமா என்று கேபினட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். எட்டவில்லை என்று மோலெக்ஸை சாட்டாவாக மாற்றும் மலிவான வார்ப்பு பிளாஸ்டிக் கன்வெர்ட்டரை மட்டும் வாங்காதீர்கள். அந்த ரகம் சூடேறி உருகிப் பற்றிக்கொண்ட கதைகள் உண்டு. இன்னொன்று: கேபிள் செருகாமல் விட்டால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கார்டு சமர்த்தாகத் தெரியும், போர்ட்டில் உயிர் இருக்காது. கார்டு கெட்டது என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

கார்டை இயக்கும் சிப் விஷயத்தில் ரெனசாஸ் 720201, வியா விஎல்805 இரண்டுமே நாலு போர்ட் தருபவை, இரண்டையும் நம்பி வாங்கலாம். ஏழு போர்ட் என்று விற்பவற்றில் பெரும்பாலும் உள்ளேயே ஒரு ஹப் ஒளிந்திருக்கும்; எத்தனை இருந்தாலும் பின்னால் ஒரே லேன்தான். விண்டோஸ் 8-லிருந்து டிரைவர் கூடவே வருகிறது, விண்டோஸ் 7 என்றால் சிப்புக்கு ஏற்ற டிரைவரைத் தேடிப் போட வேண்டும். லினக்ஸில் 2009-இலேயே 3.0 ஆதரவு வந்துவிட்டதால் கவலையில்லை.

கீபோர்டை மட்டும் மதர்போர்டின் சொந்த 2.0 போர்ட்டிலேயே விட்டுவையுங்கள். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸ் மென்பொருளுக்கு இந்தக் கார்டின் போர்ட்கள் பொதுவாகக் கண்ணில் படாது. பென் டிரைவிலிருந்து பூட் செய்வதும் அப்படித்தான், பழைய போர்ட்டே கதி. வயர்லெஸ் மவுஸின் டாங்கிளையும் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) கார்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள். 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்லே 2012-இல் எழுதியிருக்கிறது. பேக்கப் ஓடும்போது மவுஸ் தத்தித் தத்திப் போனால் டாங்கிளை முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.