560 வெள்ளி கட்டினோம், எட்டு சாமானில் ஐந்துதான் திரும்பி வந்தது

இங்கே சிங்கப்பூரில், கல்லூரி விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளின் சாமான்களை வாங்கி வைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு கிடங்குக்காரரிடம் 560 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) கொடுத்து ஏமாந்து நிற்கிறோம். இது நடந்தது ஆகஸ்டு 4 இரவு. இன்று 7. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு வேறு யாரும் இவர்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை இப்போதே எழுதுகிறேன்.

என் அக்கா மகன் தஞ்சாவூர்ப் பையன். இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறான். மே மாதத் தொடக்கத்தில் தேர்வு முடிந்ததும் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும், திரும்ப ஆகஸ்டில்தான் அறை கிடைக்கும். மற்ற வருடமாக இருந்தால் எல்லாவற்றையும் என் வீட்டில் போட்டிருப்பான். இந்த முறை எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மேம்பாட்டு வேலை. குளியலறையை உடைத்துப் போட்டிருந்தார்கள், ஸ்டோர் ரூம் சாமானெல்லாம் கூடத்தில் கிடந்தது, நடக்கவே இடமில்லை. "வெளியில எங்கேயாவது வெச்சுக்கலாம் சித்தி, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அப்படித்தான் செய்யறாங்க" என்றான். நானும் சரி என்றேன்.

மாணவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் இந்தக் கிடங்கின் விளம்பரம் வந்திருந்தது. ஒரு பெட்டிக்கு மாதம் 15 வெள்ளி, ஏர்கான் அறை, வாசலிலேயே வந்து எடுத்துக்கொள்வோம் என்று போட்டிருந்தார்கள். ஆறு பெட்டி, ஒரு கணினித் திரை, அவனுடைய மிருதங்கம், ஆக எட்டு உருப்படி. மூன்று மாதத்துக்கு 360, போக வர லாரிக்கு 80. மொத்தம் 440 வெள்ளி, முன்பணமாக.

மே 10 அன்று நானும் விடுதிக்குப் போயிருந்தேன். பெட்டிகளில் கறுப்பு மார்க்கரால் 'தம்பி 1', 'தம்பி 2' என்று தமிழில் எழுதி ஒட்டியதே நான்தான். சாமான் எடுக்க வந்த இளைஞன் தமிழ்ப் பையன். மிருதங்க உறையைப் பார்த்ததும், "யாருக்கா வாசிக்கிறது, தம்பியா?" என்று கேட்டான். தன் தாத்தா கோயிலில் தவில் வாசித்தவர் என்றான். லாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்து மிருதங்கத்தைச் சுற்றிக் கட்டினான். "அக்கா, இதைப் பெட்டியோட பெட்டியா வைக்க மாட்டேன். தோல் வாத்தியம், தெரியும் எனக்கு. தனியா ஏர்கான் ரூம்ல வைக்கிறேன், நீங்க கவலையே படாதீங்க."

அந்தப் போர்வையைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பேநவ் செய்ய, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்ப, கைபேசி எண் ஒன்றைக் கொடுத்தான். நிறுவனப் பதிவு எண் இல்லை, வெறும் கைபேசி எண். திரையில் யாரோ ஒருவரின் செல்லப்பெயர் வந்தது. "முதலாளியோட நம்பர்க்கா" என்றான். 440 வெள்ளியை அங்கேயே நின்று அனுப்பினேன். ரசீது அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதன் அடியில், எறும்பு எழுத்தில், எது தொலைந்தாலும் ஒரு பெட்டிக்கு 50 வெள்ளிக்கு மேல் பொறுப்பில்லை என்று இருந்தது. அதை நான் படித்தது இந்த வாரம்தான்.

ஜூலை 28இல் சாமானைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிச் செய்தி அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், கிடங்கு மாற்றிய செலவு 120 வெள்ளி பாக்கி, கட்டினால்தான் லாரி வரும் என்றார்கள். அவர்கள் கிடங்கு மாற்றியதற்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்? கேட்டேன். "எல்லாருக்கும் இதே ரூல்" என்று ஒரே வரி. பிள்ளையின் பொருள் அவர்கள் கையில் இருக்கிறதே என்று அதையும் கட்டினேன். 440, அதோடு 120. ஆக 560 வெள்ளி.

4ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு, நல்ல மழையில், வேறு யாரோ ஓட்டுநர் வந்தார். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இறக்கி வைத்தார், ஒரு படம் எடுத்தார், நாங்கள் எண்ணி முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. நான்கு பெட்டிகளும் மிருதங்கமும்தான் இருந்தன. 'தம்பி 3', 'தம்பி 5' இல்லை. கணினித் திரை இல்லை. வந்த பெட்டிகளின் அடிப்பாகம் ஊறிப் போய், திறந்ததும் மக்கல் வாடை. அது அன்றைய மழையில் நனைந்தது இல்லை. துணியெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது, அது ஒரு நாளில் வருகிற பூஞ்சையா? இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் இருந்திருந்தால் இப்படி ஆகாது.

மிருதங்கத்தைப் பற்றி எழுதவே மனசு வரவில்லை. தொப்பிப் பக்கத் (இடப் பக்கம்) தோலில் பச்சையாகப் பூஞ்சை. வலந்தலையின் (வலப் பக்கம்) நடுவில் இருக்கும் கறுப்புக் கரணை வெடித்து, தொட்டால் கறுப்புத் தூளாக உதிர்கிறது. வார் தளர்ந்து தொங்குகிறது. பத்தாம் வகுப்பில் அவன் தாத்தா வாங்கிக் கொடுத்த பலாமர மிருதங்கம் அது. அந்தப் போர்வை சுற்றியபடியேதான் வந்தது, ஈரத்தோடு. பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்து மெதுவாகத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் கொடுமை. முதலில் "கிடங்கு மேலாளரிடம் கேட்கிறோம்." பிறகு "மூன்று வேலை நாள் ஆகும்." பிறகு "அந்த டிரைவர் லீவு." நேற்றுக் காலை, "தேசிய தினம் முடியட்டும், பார்க்கலாம்." சாமான் எடுக்க வந்த தமிழ்ப் பையனிடம் பேச வேண்டும் என்றேன். அவன் இப்போது வேலையில் இல்லையாம். அக்கா மகனின் எண்ணை முடக்கிவிட்டார்கள். என் எண்ணில் செய்தி போகிறது, நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் இல்லை.

நேற்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரசீதில் இருந்த காக்கி புக்கிட் முகவரிக்கே போனேன். அந்த எண்ணில் வேறு கடை. கீழே காவலுக்கு இருந்த பெரியவர், "அவங்க ஜூன்லயே காலி பண்ணிட்டாங்கம்மா. உன்னை மாதிரி இன்னும் ரெண்டு பேர் வந்து கேட்டாங்க" என்றார். ஜூன் மாதம் காலி செய்தவர்கள் ஜூலை கடைசியில் என்னிடம் 120 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள்!

போலிஸில் இணையம் வழியாகப் புகார் கொடுத்துவிட்டேன். பயனீட்டாளர் சங்கத்துக்கும் எழுதியிருக்கிறேன். சிறு உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்கும் போகப் போகிறேன். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, 20,000 வெள்ளி வரை கோரலாம், 5,000 வெள்ளிக்குள் என்றால் தனியாளுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் யார் மேல் வழக்கு என்று பெயர் சொல்ல வேண்டுமே! ரசீதில் இருக்கும் நிறுவனப் பெயரை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் இணையப் பதிவில் தேடினேன், அப்படி ஒன்றே இல்லை. மே மாதமே தேடியிருக்கலாம். இலவசம்தான், இரண்டு நிமிட வேலை.

எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவாவது செய்யுங்கள். தனியாள் கைபேசி எண்ணுக்குப் பேநவ் செய்யாதீர்கள், நிறுவனப் பதிவு எண் கேளுங்கள். கிடங்கை நேரில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து வைத்துப் படம் எடுங்கள். எண்ணிப் பார்க்காமல் லாரியைப் போக விடாதீர்கள். மோசடியோ என்று சந்தேகமாக இருந்தால், அதற்கான உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள். தோல் வாத்தியத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், தெரிந்தவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மிருதங்கத்துக்கு இரண்டு பக்க மூட்டும் (தோல் பகுதி) மாற்றியாக வேண்டும். டிசம்பரில் தஞ்சாவூருக்கு எடுத்துப் போகிறான்.

காக்கி புக்கிட் பக்கம் வேலை செய்பவர்கள், கறுப்பு மார்க்கரில் 'தம்பி 3', 'தம்பி 5' என்று தமிழில் எழுதிய பெட்டிகள் எங்காவது கண்ணில் பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள். மூன்றில் அவனுடைய பாடக் குறிப்பேடுகள், ஐந்தில் எங்கள் அம்மா பழைய புடவைகளில் தைத்துக் கொடுத்த மெத்தை விரிப்பு.